இருட்டிய பின் கடற்கரையில் மெட்டல் டிடெக்டர்

இங்கிலாந்தில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், வேலை முடிந்து, மணலில் புதைந்த உலோகப் பொருட்களைத் தேட மெட்டல் டிடெக்டருடன் கடற்கரைக்குச் செல்லும் என்னைப் போன்றவர்கள் இரவில்தான் தேட வேண்டியிருக்கிறது. புறப்படுவதற்கு முன் நான் முதலில் பார்ப்பது கடல் ஏறி வடியும் நேர அட்டவணையைத்தான். வடமேற்கு இங்கிலாந்தின் மோர்கேம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 அன்று இரவு, சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் ஏறிவந்த கடலில் மூழ்கி இறந்தனர். தட்டையான மணற்பரப்பில் நீர் முதுகுப்புறமாகவும் வந்து சூழ்ந்துகொள்ளும் என்பதை நான் ஒருபோதும் மறப்பதில்லை. ஆபத்தென்றால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும்.

கண்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்பதால், அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுக்காத சிவப்பு ஒளியையே தலைவிளக்கில் பயன்படுத்துகிறேன். தோண்டும்போது மட்டும் வெள்ளை ஒளி. அலையோசையும் காலடியோசையும் கேட்கும்படி, டிடெக்டரின் ஒலியைக் கேட்க உதவும் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். உலகப் போர்க் காலக் குண்டுகள் இன்றும் கரையொதுங்குவதால், பெரிய இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, தகவல் சொல்லிவிடுவதே சரி.

வயல்வெளியில் இரவில் தேடுவதை நான் விரும்புவதில்லை. அனுமதியின்றி இருளில் தொல்பொருள் திருடும் ‘நைட்ஹாக்கிங்’ கூட்டத்தாரால் அங்கே எந்த வெளிச்சமும் சந்தேகத்தைக் கிளப்பும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இருந்தாலும், செல்லும் நேரத்தை அவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.