வாகனத்தை ஒழுங்கைக்குள்ள விடாதேங்கோ

"வாகனத்தை ஒழுங்கைக்குள்ள விடாதேங்கோ தம்பி, மூத்தவளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறம்" என்று அந்த அம்மா கேட்டபோது நான் உடனே ஓம் என்றேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பார்க்கிற தொண்டு நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. எங்கள் வாகனத்தின் கதவில் நிறுவனப் பெயரும் சக்கர நாற்காலிப் படமும் பெரிதாக இருக்கும், மானிப்பாய்ப் பக்கத்து ஒழுங்கையில் அது அடிக்கடி வந்து நின்றால் எந்த வீட்டுக்கு என்று ஒருவரும் விசாரிக்கத் தேவையில்லை. பிறகு அவர் மற்றதையும் கேட்டார்: கலியாணம் ஒப்பேறுமட்டும் வீட்டுக்கே வர வேண்டாம், தானே ஓட்டோ பிடித்து மகனை எங்கள் நிலையத்துக்குக் கூட்டிவருவாராம். அதற்கும் ஓம்.

அவனுக்குப் பெருமூளை வாதம். கால் தசைகள் இறுகிக் கிடப்பவை, வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாது, கவனிக்காமல் விட்டால் முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடக்கூடும். வீட்டுக்குப் போனால்தான் அவன் எதில் இருக்கிறான், எப்படித் தூக்குகிறார்கள், கக்கூசுக்குப் படி எத்தனை என்றெல்லாம் தெரியும். நிலையத்தில் அரை மணித்தியாலம் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் ஓம் என்றேன். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும், நிலையத்துக்கு வரத் தொடங்கிய பிறகு அவன் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கப் பழகினான். அவனைப் பற்றிய எங்கள் பதிவுகளைப் பார்த்தால் அவனுக்கு நல்ல காலமே அதுதான்.

அப்புறம் ஒருநாள் அக்காக்காரி போன் எடுத்தாள்.

"அண்ணா, என்ர பேரைச் சொல்லி ஏன் தம்பியை ஒளிச்சனீங்கள்?"

"அம்மா கேட்டவ, தங்கச்சி."

"அம்மா கேட்டா ஓம் எண்டு சொல்லவோ உங்களுக்குச் சம்பளம்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் மனதுக்குள் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். குடும்பத்தின் முடிவை மதிக்கச் சொல்லித்தானே எங்களுக்குப் படிப்பித்தார்கள்? அதே பயிற்சியில்தான் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும், அதே உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தையும் படிப்பித்தார்கள். இரண்டிலும் கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்கு வழி இல்லை. அறிக்கையில் "குடும்பத்தின் விருப்பப்படி வீட்டுத் தரிசிப்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது" என்று எழுதினேன், வாசிக்க நல்லாய்த்தான் இருந்தது. பயனாளி என்ற கட்டத்துக்குள் தம்பியின் பெயர் இருந்தது, தாயின் பெயர் இருந்தது. அக்காவுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

தாயின் பயம் என்னவென்று எனக்குத் தெரியும். "பரம்பரையோ?" என்று மாப்பிள்ளை பகுதி கேட்டுவிடும் என்ற பயம். பெருமூளை வாதம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, இவனுக்குப் பிறக்கும்போது மூச்சு எடுக்கப் பிந்தியதால் வந்தது. இதை நானே அவர்களுக்கு விளங்கப்படுத்தியிருக்கலாமோ என்று தோன்றும். சரி, போயிருந்தால்? சம்பந்தம் பேசுகிற இடத்தில் என்.ஜி.ஓ.காரனுக்கு என்ன வேலை? யாழ்ப்பாணத்தில் அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம்.

கலியாணம் ஒப்பேறியது. மாப்பிள்ளை பகுதிக்கு முதலே எல்லாம் தெரியுமாம், சந்திக் கடையில் விசாரித்திருக்கிறார்கள். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியானால் ஒளித்தது வீண் என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள அவர்களுக்கும் ஒரு மறைப்புத் தேவைப்பட்டிருக்கும். ஆனால் இதை அந்த அக்காக்காரியிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவளைப் பொறுத்தவரை தன் தம்பியை விலையாக வைத்துத்தான் தன்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அதுவும் பொய்யில்லையே.

போன மாதம் கோண்டாவிலில் இன்னொரு வீட்டிலும் இதையே கேட்டார்கள். இந்த முறை, மூத்த பிள்ளையோடும் ஒருக்கால் கதைக்கலாமோ என்று கேட்டேன். தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் போன் எடுப்பதில்லை, பிள்ளையும் நிலையத்துக்கு வருவதில்லை.