வராத விதிக்காகத் திரும்பி வந்த லோடு

"சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவெல்லாம் போல்டுல பெருசா போடணும்னு ரூல் வந்துடுச்சு. இது பழைய கவர், எடுக்க முடியாது." சூப்பர் மார்க்கெட் குடோனில் சரக்கு வாங்கும் தம்பி இப்படிச் சொல்லி, நான் தயாரித்து அனுப்பிய மிக்சர் பெட்டிகளை வண்டியை விட்டு இறக்கவே விடவில்லை. ஆதாரம் கேட்டால், போனில் ஒரு செய்தித் துணுக்கின் படம். உரிமம், லேப் ரிப்போர்ட் எதிலும் குறை இல்லை.

நடந்தது இதுதான். 2024 ஜூலையில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தன் கூட்டத்தில் இந்த யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது, மக்கள் கருத்துக் கேட்பதற்காக. அதை "இனி கட்டாயம்" என்று தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டார்கள்.

லைசென்ஸ், லேபிள் வேலை பார்க்கும் கன்சல்டன்டைக் கூப்பிட்டேன். "எப்படியும் வரத்தானே போகுது சார், இப்பவே மாத்திடுங்க" என்றார். அவருக்கென்ன, வாயால் சொல்லிவிட்டார். பவுச்சுக்கு ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிரிண்டிங் சிலிண்டர் வெட்ட வேண்டும். வரைவில் சொன்ன எழுத்தளவு இறுதி விதியில் மாறினால் வெட்டியதெல்லாம் பழைய இரும்புக்குத்தான் போகும்.

அரசிதழான கெஜட்டைத் தேடி உட்கார்ந்தேன். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 92-வது பிரிவுப்படி, வரைவை வெளியிட்டு, மத்திய அரசின் முன் ஒப்புதலும் பெற்று, அறிவிக்கை வந்தால்தான் அது ஒழுங்குமுறை. ஆட்சேபனையும் ஆலோசனையும் கேட்டு வரும் தாள் வெறும் வரைவு. யார் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் அதற்காகக் கவரை மாற்றாதீர்கள்.

இறுதி அறிவிக்கையே வந்தாலும், மேலே இருக்கும் வெளியீட்டுத் தேதியைப் பார்த்துப் பதற வேண்டாம். தலைப்புக்குக் கீழே, பெயர் சொல்லும் வரியை அடுத்து, எப்போது அமலுக்கு வரும் என்று இருக்கும். 2020 லேபிளிங் ஒழுங்குமுறை வெளியானது நவம்பர் 17-ல். அமல் ஒரு வருஷம் கழித்து என்று போட்டிருந்தார்கள். அதிலேயே உணவகங்களுக்கான 3-வது அத்தியாயத்துக்கு மட்டும் 2022 ஜனவரி 1. பிறகு அதுவும் ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஒரே தாளுக்குள் இரண்டு தேதி!

லேபிள் திருத்தங்களை ஜூலை 1-ல் அமலாக்குவது, அதற்குமுன் குறைந்தது 180 நாள் அவகாசம் தருவது என்று இப்போது வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. என்னைக் கேட்டால், அந்தத் தேதிக்கு முன் தயாரித்ததை விற்கலாமா கூடாதா என்பதையும் ஒவ்வொரு அறிவிக்கையிலும் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். அதை எழுதாமல் விட்டால் குடோன் வாசலில் நிற்பவர்தான் சட்டம்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு பர்ச்சேஸ் மேனேஜரிடம் போனேன். நிதானமாகப் படித்தார். "சரிதான், ஆனா புது கவர் தருவேன்னு லெட்டர்ஹெட்ல ஒரு லெட்டர் கொடுங்க" என்றார். அவர் ஆள் டைப் செய்து நீட்டியதில் அடுத்த மாதம் முதல் தேதி என்று இருந்தது. அடித்துவிட்டு, "இறுதி அறிவிக்கையில் குறிப்பிடும் தேதி முதல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்படிக் கடிதம் கேட்டால் நீங்களாக ஒரு தேதியை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதோடு லோடு உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை. இந்த அலைச்சலில் சரக்கின் ஆயுளில் பெரும்பகுதி கழிந்துவிட்டது, அவர்கள் கணக்குப்படி மிச்சம் போதாதாம். அந்த பேட்ச்சைத் தெருக்கடைகளுக்கு விலை குறைத்துத் தள்ளிவிட்டு, புதிதாகப் போட்டதை அதே பழைய கவரில் அனுப்பினேன். இறக்கிக்கொண்டார்கள். திரும்பி வந்த வண்டி வாடகையை யார் தருவது என்று கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை.