பின்பால் மெஷின்: டீலரிடமா, நேராகக் கம்பெனியிடமா?

பின்பால் மெஷின் (கண்ணாடிக்கு அடியில் உருளும் பந்தைத் தட்டித் தட்டி விளையாடும் ஆட்டப்பெட்டி) வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "நேரா கம்பெனியிலேயே வாங்கினா விலை குறையாதா?" என்றுதான். பெரும்பாலும் குறையாது. சிகாகோ பக்கம் இருக்கும் ஸ்டெர்ன் என்ற பின்பால் கம்பெனி வழக்கமாக டீலர்கள் வழியாகத்தான் விற்கிறது, விளம்பர விலைக்கும் கம்பெனியே கீழ்வரம்பு வைத்துவிடுவதால் எந்த டீலரிடம் போனாலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால், மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு கூப்பிட்டால் போனை எடுப்பாரா என்று பார்த்துத்தான் டீலரைத் தேர்ந்தெடுப்பேன்.

என் மெஷினில் கொஞ்ச நாளிலேயே வலது ஃபிளிப்பர் (பந்தைத் தட்டும் மட்டை) சோர்ந்துபோய், பந்து ரேம்ப் என்கிற சரிவுப் பாதையில் பாதி ஏறித் திரும்பி வந்துகொண்டிருந்தது. டீலர் வீடியோ காலில் வந்து, பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, பந்துகளை வெளியே எடுக்கவைத்து, பந்து ஓடும் பலகையான பிளேஃபீல்டைத் தூக்கி நிறுத்தியதும், ஃபிளிப்பரை இயக்கும் காயிலின் முனையில் இருக்கும் தடுப்பான காயில் ஸ்டாப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். லொடலொடவென்று ஆடியது. ஆலன் கீயால் இரண்டு திருகுகளை இறுக்கியதும் பந்து பழையபடி பாய ஆரம்பித்துவிட்டது. அவருடைய லாபம் எவ்வளவோ, அது முழுக்க அவருக்கு உரியது.

இன்னொன்று, மெஷின் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். லாரிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். நல்ல டீலர் என்றால் உள்ளே கொண்டுவந்து மெஷினின் கால்களையும் மாட்டி, மட்டம் பார்த்துக் கொடுப்பார்.

நேரடி விற்பனையே கூடாது என்று சொல்ல மாட்டேன். டெக்சாஸின் மல்டிமார்ஃபிக் மாதிரி சின்னக் கம்பெனிகளில் மெஷினை உருவாக்கியவர்களிடமே பேச முடிகிறது, அது தனி சுகம். பயம் முன்பணத்தில்தான். ஸ்கிட்-பி என்ற கம்பெனி பிரிடேட்டர் படத்தின் பெயரில் மெஷின் செய்வதாகப் பணம் வாங்கியது, உரிமமே இல்லை என்று 2015-ல் தெரிந்து எல்லாம் நின்றது. பிரிட்டனில் ஹைவே பின்பால் 2018-ல் மூடப்பட்டபோதும் பணம் கட்டிவிட்டு மெஷின் வராமல் தவித்தவர்கள் உண்டு. ஜெர்சி ஜாக் கம்பெனி 2011-ல் முன்பதிவு வாங்க ஆரம்பித்து 2013-ல் மெஷினைக் கொடுத்தது. ஆனால் அதைத் தொடங்கிய ஜாக் குவார்னியரி அதற்கு முன்பே பின்பால் விற்றுக்கொண்டிருந்தவர், வாங்குகிறவர்களுக்கு அவரைத் தெரியும்.

புதுக் கம்பெனி என்றால், மெஷின் வெளியே வந்து நாலு பேர் விளையாடிய பிறகுதான் பணம் கொடுப்பேன். அதுவும் கிரெடிட் கார்டில், பணம் திரும்பக் கிடைக்கும் விதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு.