மலை ஏறுகிற வண்டிக்கு ரேஸ் டிராக்கில் என்ன வேலை?

கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். வீடு கீழே சேந்தமங்கலத்தில். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பள்ளிக்கூடம் இருக்கிற நாளெல்லாம் காலையில் எழுபது, சாயங்காலம் எழுபது. பஸ் இருக்கிறது. ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்து நின்றால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அதனால் எனக்கு என் அப்பாச்சி 160 பைக்தான் சரி.

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பைக் பயிற்சிக்குப் போய்வந்தேன் என்றதும் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க டீச்சர், ரேஸ் ஓட்டப் போறீங்களா?" அப்புறம் பசங்களும் கேட்டார்கள், பஸ் கண்டக்டர் அண்ணனும் கேட்டார். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

ரேஸ் ஓட்டப் போகவில்லை. வளைவில் பயம் வரும்போது கை என்ன செய்கிறது என்று பார்க்கப் போனேன். அதைச் சாலையில் வைத்துப் பார்க்க முடியாது. மலையில் எழுபது வளைவும் எழுபது மாதிரி. இருபத்தி மூன்றாம் வளைவை இன்றைக்கு ஒரு விதமாக எடுக்கிறேன், நாளைக்கு அங்கே மழையில் அடித்து வந்த மண் கிடக்கும், மறுநாள் எதிரே பஸ் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு திரும்பும். எதனால் நன்றாகத் திரும்பினேன், எதனால் தடுமாறியது என்று சொல்லவே முடியாது. ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை செய்யும்போது நீளத்தை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருப்போம் இல்லையா, டிராக் அந்த வசதியைத் தருகிறது. அதே வளைவு, அதே தார், எதிரே வண்டி கிடையாது, நாய் கிடையாது. ஒரு சுற்றுக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

கரி டிராக் 2.1 கிலோமீட்டர், 2003-ல் திறந்தது. ஃபார்முலா மாருதி என்று மாருதி இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிக் காட்டிய கரிவரதனின் பெயரில் இருக்கிறது. அவர் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அந்தக் காரை ஓட்டிப் பழகிய பிள்ளைகள் எத்தனையோ பேர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத இடத்தில் ஒரு மனிதர் உள்ளூர்ப் பொருளை வைத்து ஒரு விளையாட்டையே வளர்த்திருக்கிறார் என்பது ஆசிரியராக எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

காலையில் முதல் வேலை வண்டிச் சோதனை. செயின் தொய்வு, பிரேக் பேட், டயர் பட்டன், எங்கேயாவது எண்ணெய் கசிகிறதா என்று ஒருவர் குனிந்து விரலால் தடவியே பார்த்தார். சைடு கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டினார்கள். விழுந்தால் கண்ணாடித் துண்டு டிராக்கில் சிதறக் கூடாது. அப்புறம் ஸ்பீடோமீட்டர் மேலும் ஒரு துண்டு டேப். "வேகத்த நீங்க பாக்க வேண்டாங்க, வளைவ மட்டும் பாருங்க" என்றார் பயிற்சியாளர். தோல் சூட் வாடகைக்குக் கிடைத்தது. ஆண்கள் அளவுதான், தோளில் சரியாக இருந்தால் இடுப்பில் தொளதொள என்று. பெண்கள் அளவிலும் இரண்டு சூட் வைத்திருக்கலாம், பெண்கள் வருகிறார்கள்.

பிறகு கொடிகள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் தரை வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், டிராக் ஓரத்தில் வண்டிகளை நிறுத்துகிற பிட்டுக்கு மெதுவாகத் திரும்ப வேண்டும். கட்டம் போட்ட கொடி வந்தால் அந்த ஓட்டம் முடிந்தது. இதை எங்கள் மலைப்பாதைக்கும் யாராவது கொண்டுவந்தால் கும்பிடுவேன். மேலே மரம் விழுந்து கிடப்பது கீழிருந்து ஏறுகிறவனுக்கு வளைவைத் திரும்பிய பிறகுதானே தெரிகிறது.

முதல் பயிற்சியே ஆச்சரியமாக இருந்தது. ஒரே கியர், பிரேக் தொடக் கூடாது. ஆக்ஸிலேட்டரை மட்டும் வைத்துச் சுற்ற வேண்டும். பிரேக் இல்லை என்றதும், எந்த வேகத்தில் வளைவுக்குள் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. வேகத்தைக் கண் அளக்கத் தொடங்குகிறது. கீத் கோட் என்பவர் 1980-ல் அமெரிக்காவில் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இந்த மாதிரிப் படிப்படியான பயிற்சிகளால் பெயர் பெற்றது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் அவர்கள் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். இன்று பல இடங்களில் சொல்லித்தரும் முறையில் அந்தப் பள்ளியின் சாயல் இருக்கிறது.

அடுத்தது ஹேண்டில்பார். ஆர்.டி.ஓ.வில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய நமக்கெல்லாம், வலது பக்கம் போக ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்ப வேண்டும் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. எட்டுப் போடுகிற நடை வேகத்தில் அது சரி. கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டால் கதை மாறுகிறது. பயிற்சியாளர் என்னை நேர்கோட்டில் ஓட்டச் சொல்லி, வலது கைப்பிடியை உள்ளங்கையால் முன்னால் மெல்லத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். வண்டி வலது பக்கம் சாய்ந்து வலது பக்கமே போனது. காரணம் எளிதுதான்: கைப்பிடியைத் தள்ளிய நொடியில் முன் சக்கரம் இடது பக்கம் விலகுகிறது, எடை வலது பக்கம் சாய்கிறது, சாய்ந்த வண்டி அந்தப் பக்கமே வளைகிறது. நாம் எல்லோரும் தெரியாமலே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். தெரிந்து செய்தால் என்ன லாபம் என்றால், நடுச்சாலையில் திடீரென்று ஒரு பள்ளமோ கல்லோ தெரியும்போது கை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று குழம்பாது.

கையைப் பற்றி இன்னொன்று. பிட்டில் வண்டி மேல் உட்காரவைத்து, பயிற்சியாளர் ஒரு விரலால் என் முழங்கையைத் தட்டிப் பார்த்தார். "டேங்க முட்டியால புடிங்க டீச்சர், கையத் தொங்க விடுங்க. முழங்கை கோழி றெக்க மாதிரி ஆடணும்." தொடை டேங்கைப் பிடித்துக்கொண்டால் கைக்கு வேலையே இல்லை. கை இறுகினால் முன் சக்கரத்தின் சின்னச் சின்ன அதிர்வெல்லாம் உடம்புக்கு ஏறி, உடம்பின் பயமெல்லாம் முன் சக்கரத்துக்கு இறங்குகிறது. அடுத்த சுற்றில் அதே வளைவு அகலமானது போல இருந்தது.

அப்புறம் கண். வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு கோன், உள் ஓரத்தில் ஒரு கோன், வெளியேறும் இடத்தில் ஒரு கோன். முதல் கோனைக் கண்டுபிடித்ததும், திரும்புவதற்கு முன்பே பார்வை இரண்டாவது கோனுக்குப் போய்விட வேண்டும். இரண்டாவதை நெருங்கும்போது மூன்றாவதுக்கு. பயம் வந்தால் பார்வை எதிரே இருக்கிற பொருளில் ஒட்டிக்கொள்கிறது. பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டியும் போகிறது. மலையில் பாராபெட் சுவரைப் பார்த்துக்கொண்டே போய் அதில் மோதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர். ஒரு நொடி சுவரில் ஒட்டிய பார்வை பத்து மீட்டர் சாலையைத் தின்றுவிடுகிறது.

கைக்கும் கண்ணுக்கும் அடுத்தது ஆக்ஸிலேட்டர். பயந்தால் கை உடனே ஆக்ஸிலேட்டரை மூடும். மூடினால் எடை முன்னால் பாய்ந்து முன் ஷாக் அமுங்குகிறது, வண்டி தாழ்கிறது, சாய்வதற்கு இருந்த இடம் குறைகிறது, முன் டயருக்குச் சுமை கூடுகிறது, வண்டி வளைவை விட்டு வெளியே இழுக்கிறது. அதைப் பார்த்து இன்னும் பயந்து கை பிரேக்கைப் பிடிக்கிறது. விழுகிற கதையில் பெரும்பாலும் இந்த வரிசைதான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பியதும் மெல்லத் திறந்து, சீராகக் கூட்டிக்கொண்டே போனால் எடை பின் டயருக்குப் போய் வண்டி கோடு போட்டாற்போலப் போகிறது. இதை எனக்குச் சொல்லத் தெரியும். கைக்குத் தெரிய, அந்த ஒரே வளைவில் மறுபடி மறுபடி சுற்ற வேண்டியிருந்தது.

பதினோராம் வகுப்பில் வளைவில் மிதிவண்டிக்காரர் ஏன் சாய்கிறார் என்று ஒரு பகுதி உண்டு. சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் ஈர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வருவது. கரும்பலகையில் அது ஒரு சமன்பாடு. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் சாய்வு ஏறக்குறைய 17 பாகை. அதே வளைவை 30-ல் எடுத்தால் 35 பாகை. வேகம் பத்துதான் கூடியது, சாய்வு இரண்டு மடங்கு. எங்கள் பசங்க "பத்துதானே டீச்சர்" என்கிற அந்தப் பத்து இதுதான். இப்போது இந்தப் பாடத்தை நடத்தும்போது மைதானத்தில் என் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக் காட்டுகிறேன். 35 பாகை எவ்வளவு என்று பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

மதியத்துக்கு மேல் வெயில் தாங்கவில்லை. தோல் சூட்டுக்குள் வியர்வை ஓடுகிறது. மோரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இல்லாமல் யாரும் போகாதீர்கள். களைத்த கண் கோனைத் தேடாது. எனவே கடைசி ஓட்டத்தில் நான் இறங்கவில்லை.

டிராக்கில் படித்த எல்லாவற்றையும் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். டிராக்கில் சாலை முழுதும் நம்முடையது. வெளி ஓரத்தில் தொடங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போகலாம். கொல்லிமலையில் அப்படிப் போனால் எதிரே வருகிற மினி லாரிதான். அங்கே நம் பாதி மட்டும்தான் டிராக். இடது கொண்டை ஊசியில் சீக்கிரம் உள்ளே வெட்டினால் வெளியேறும்போது எதிர்ப்பக்கம் தள்ளிவிடும், அதனால் தாமதித்துத் திரும்ப வேண்டும். வலது வளைவில் இடது ஓரத்தை விடவே கூடாது. இறங்குகிற பஸ் நம் பக்கத்தில் கால்வாசியை எடுத்துக்கொண்டுதான் திரும்பும், அதற்கு வேறு வழியில்லை. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஹாரன் அடிக்க வேண்டும். கண்ணும் கையும் ஆக்ஸிலேட்டரும் மட்டும் டிராக்கிலிருந்து வரட்டும். கோடும் வேகமும் செட்டிப்பாளையத்திலேயே இருக்கட்டும்.

முழங்காலைத் தரையில் உரசிப் படம் எடுக்கிற ஆசையோடு சில இளைஞர்கள் வந்திருந்தார்கள். பயிற்சியாளர்கள் அவர்களை அதட்டவில்லை. பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு, திரும்பியதும் உட்காரவைத்து, "அந்த ரெண்டாவது வளைவுல எங்க பாத்தீங்க?" என்று கேட்டார்கள். பதில் வராது. அடுத்த சுற்றில் அந்தப் பையன் மெதுவாகப் போனான், நன்றாகப் போனான். கற்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அவர்கள் நல்ல ஆசிரியர்கள்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம், அதாவது அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு. நல்லது. ஆனால் அந்த ஏ.பி.எஸ்.ஸை ஒரு தடவையாவது முழுதாக அழுத்தி, லீவர் கையில் துடிப்பதை உணர்ந்திருக்கிறாயா என்று என் பழைய மாணவர்களைக் கேட்டால் இல்லை என்கிறார்கள். லீவர் துடிக்கும்போது பயந்து விட்டுவிடுவார்கள் என்பது என் கவலை. லைசென்ஸ் சோதனையில் எட்டுக்குப் பக்கத்திலேயே ஐம்பது மீட்டர் நேர்கோடும் இரண்டு கோனும் வைத்து, பிரேக் பிடித்துக் காட்டு என்று கேட்டால் போதும். அதற்கு ரேஸ் டிராக் வேண்டாம், தோல் சூட் வேண்டாம். டிராக் பயிற்சிக்கு ஆகிற பணம் மலையில் மிளகும் காபியும் பறிக்கப் போகிற வீட்டுப் பையனுக்குக் கட்டுப்படியாகாது.

அதனால் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பள்ளி மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாங்கியிருக்கிறேன். பழைய மாணவர்களுக்கும், மலையில் வண்டி ஓட்டுகிற செவிலியர்களுக்கும், வேறு யார் வந்தாலும் சரி. லைசென்ஸ் கட்டாயம். முதல் வாரம் பிரேக் மட்டும், சுண்ணாம்புக் கோடு போட்டு, 20 கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகக் கூடாது. இரண்டாவது வாரம் பார்வை. கோனுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய பாட்டில். முகம் முழுதும் மூடுகிற ஹெல்மெட், ஷூ, முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். வருவதற்கு முன் செயினைப் பார்த்துவிட்டு, டயரில் காற்று பிடித்துக்கொண்டு வாருங்கள்.