குழியை மூடும் முன் எடுக்கும் மண்

மாசுபட்ட மண்ணைத் தோண்டி அகற்றிய பின், குழியின் அடியிலும் சுவர்களிலும் எஞ்சியுள்ள மண்ணைச் சோதிக்காமல் அதை மூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, புதிதாக வெளிப்படும் மண்ணையே எடுக்க வேண்டும்; ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறையை மாற்ற வேண்டும். எளிதில் ஆவியாகும் கரைப்பான்களைத் தேடும்போது மண்ணைக் கிளறினால், தேடும் பொருளே காற்றோடு போய்விடும்.

சேலத்தில் குரோமியத்துக்குத் தனிக் கவனம் தேவை. மேக்னசைட் என்ற கனிமம் கிடைக்கும் குன்றுகளின் பாறைகளில் குரோமியம் இயற்கையாகவே மிகுதி என்பதால், குரோமிய முலாம் பூசும் பட்டறை இருந்த இடத்தில் அதன் மொத்த அளவு கூடுதலாக வந்தது என்பதை மட்டும் வைத்துப் பட்டறையைக் குற்றம் சொல்ல முடியாது. அதே வகைப் பாறைமேல் அமைந்த, கழிவு எட்டாத இடத்து மண்ணையும் ஒப்பிட வேண்டும். குரோமியத்தின் நச்சு மிகுந்த வேதி வடிவமான, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தைத் தனியே அளக்கவும் வேண்டும். சித்திரை வெயிலில் மாதிரிகளை வண்டியில் விட்டுவைக்காமல், பனிக்கட்டிப் பெட்டியில் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் வைத்து, யார் யாரிடம் எப்போது ஒப்படைத்தார் என்ற கையொப்பப் பதிவோடு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.