லாடத்தில் ஒரு கோடா, இரண்டா?

கிரோசே தீவுக்கூட்டத்தின் பொசெசியோன் தீவிலிருந்து ஓடைப் பாசி ஒரு சின்னக் குப்பியில் என் மேசைக்கு வந்தது. அதில் ஒட்டியிருக்கும் டயட்டம்களுக்கு, அதாவது இரண்டு சிலிக்கா ஓடுகளுக்குள் வாழும் ஒற்றைச் செல் நுண்ணுயிர்களுக்கு, ஒரு வாரத்தில் பெயர் வைத்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தெற்கு இந்தியப் பெருங்கடலில், 46 பாகை தெற்கே, மரமே வளராத குளிர்த் தீவு அது. நான் போனதில்லை. குப்பி போய் வந்திருக்கிறது.

பாசியைப் பிழிந்த நீரை ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கி, கொஞ்சம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்த்தால் உயிர்ப்பொருள் எரிந்து சிலிக்கா ஓடு மட்டும் நிற்கும். 'கொஞ்சம்' என்பதை முதல் தடவை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நுரை பொங்கி, பாதி மாதிரி மேசையோடு போனது. மிச்சத்தைக் கழுவி, உலர்த்தி, நாஃப்ராக்ஸ் பிசினில் பதித்து, 100 மடங்கு எண்ணெய் லென்ஸின் கீழே வைத்தேன்.

பிளானோதீடியம் என்று பேரினம் உடனே தெரிந்துவிட்டது. 1996 வரை அக்னாந்தெஸ் என்ற பெரிய மூட்டைக்குள் கிடந்த கூட்டம். இதில் ஓர் ஓட்டில் நீளவாக்கில் பிளவு இருக்கும், இன்னோர் ஓட்டில் இருக்காது. பிளவில்லாத ஓட்டின் நடுவே, ஒரு பக்கம் மட்டும் குதிரை லாடம் மாதிரி ஓர் அடையாளம். ஐரோப்பிய நூலில் இனம் கண்டறிய உதவும் கேள்வி வரிசையைப் பிடித்துக்கொண்டு 'பிளானோதீடியம் லான்சியோலேட்டம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "லாடத்தில் கோடு ஒன்றா, இரண்டா?"

நான் பார்க்கவே இல்லை. திரும்பப் போய் நுண்ணோக்கியின் குவியத்தைச் சரிசெய்யும் நுண்குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். முதலில் ஒரு வளைவு. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் அதற்குள்ளேயே இன்னொரு வளைவு. ஒற்றைக் கோடு என்றால் வெறும் பள்ளம், லான்சியோலேட்டம் அப்படித்தான். இரட்டைக் கோடு என்றால் பள்ளத்தின்மேல் உட்புறமாக ஒரு கூரை. பார்த்த ஓடுகள் எல்லாவற்றிலும் இரண்டு. தங்கம் பூசி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, உள்ளே கவிழ்த்த தொப்பி போல அந்தக் கூரை தெளிவாகத் தெரிந்தது.

அப்படியானால் இதே பேரினத்தில் இரட்டைக் கோடுள்ள இனமான ஃப்ரீக்வென்டிசிமம் என்று எழுதிவிடலாமா? பெரிய ஓடுகளின் நுனி சற்றே நீண்டு குமிழ்த்திருந்தது, சின்னவற்றில் மழுங்கியிருந்தது. டயட்டம் பிரியப் பிரியச் சிறுக்கும், சிறுக்கச் சிறுக்க உருவமும் மாறும். அதனால் இரண்டு இனமா, ஒரே இனத்தின் இரண்டு வயதா என்று தெரிய, பெரிதிலிருந்து சிறிதுவரை 40 ஓடுகளை வரிசையாக அடுக்கி, ஓட்டின் மேலுள்ள குறுக்கு வரிகள் 10 மைக்ரானுக்கு எத்தனை என்று எண்ணினேன். வரிசை எங்கும் அறுபடவில்லை. ஒரே இனம்தான்.

ஆனால் எந்த இனம்? அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடலின் தீவுகளில் கிடைத்ததற்கெல்லாம் ஐரோப்பியப் பெயரை மாட்டிய காலம் ஒன்று உண்டு. நானும் முதல் வாரம் அதைத்தான் செய்திருந்தேன். கிரோசே டயட்டம்களுக்கென்றே 2002-ல் வந்த தொகுப்பை வைத்துக்கொண்டு படம் படமாக ஒப்பிட்டேன். நெருங்கி வந்தது, பொருந்தவில்லை. ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது பயன்பட்ட மூல மாதிரியைப் பார்க்காமல் மேலே போக வழியில்லை.

இப்போதைக்குக் கண்ணாடிச் சில்லின் சீட்டில், பேரினத்துக்கும் இனப்பெயருக்கும் நடுவே, 'ஒப்பிடுக' என்று பொருள்படும் 'சி.எஃப்.' எழுதி வைத்திருக்கிறேன். பென்சிலில்தான்.