வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த டவர்

என் முதல் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அம்மா இன்றும் இப்படித்தான் சொல்வார்: "காருல உக்காந்து போன் பேசிக்கிட்டே ஊர் சுத்துவான். அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க."

தப்பென்று சொல்ல முடியாது. 2007-இல் இசிஇ முடித்த கையோடு மதுரையில் டிரைவ் டெஸ்ட் வேலைக்கு, அதாவது வண்டியில் சுற்றிச் செல்போன் சிக்னலைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வாடகை இண்டிகா, கூரையில் காந்தத்தால் ஒட்டிய ஜிபிஎஸ் ஆன்டெனா, காலடியில் சூடேறி முனகும் இன்வெர்ட்டர், மடியில் லேப்டாப், அதோடு வயரில் கட்டிப்போட்ட ஒரு சோனி எரிக்சன் போன். அந்தப் போன் யாரையாவது அழைத்தபடியே இருக்கும். மறுமுனையில் ஆள் கிடையாது, ஒரு பதிவுக் குரல்தான். லைன் கட்டானால் லேப்டாப் ஒரு சத்தம் போடும். வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். சாயங்காலம் புள்ளிகளை எண்ணி அனுப்ப வேண்டும்.

போன வாரம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, பஸ் எண்பதுல போகுது, டவரெல்லாம் பின்னாடி போய்க்கிட்டே இருக்கு. அப்புறம் எப்படி லைன் கட்டாகாம பேச முடியுது?" நல்ல கேள்விதான். ஆனால் என்னைக் கேட்டால், எப்படிக் கட்டாகிறது என்பதில்தான் கதை இருக்கிறது. லைன் போனால் நாம் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று: "டவர் இல்ல." என் ஐந்து வருட அனுபவத்தில் நான் போய்ப் பார்த்த சிவப்புப் புள்ளிகளில் பெரும்பாலானவற்றில் டவர் இருந்தது. பக்கத்திலேயே இருந்தது.

அன்றைய 2ஜி காலத்தை வைத்தே சொல்கிறேன், எனக்குக் கைப்பழக்கம் அதுதான். ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் நேரத்தைப் பங்கு போட்டுப் பயன்படுத்துவார்கள். ஒரு சுற்று 4.6 மில்லிநொடி. அதில் உங்கள் போனுக்குக் கேட்க ஒரு துண்டு, பேச ஒரு துண்டு. மிச்ச நேரத்தில் போன் சும்மா இருக்காது. சுற்றுப்பட்டு டவர்களை ஒவ்வொன்றாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் உங்களிடம் நலம் விசாரித்துக்கொண்டே அடுத்த பந்தியில் என்ன பேச்சு ஓடுகிறது என்று காதை அங்கே வைத்திருக்கும் அத்தை மாதிரி. கேட்டதையெல்லாம் 480 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது அரை நொடிக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில், நெட்வொர்க்குக்கு அறிக்கையாக அனுப்பும்: இப்போது இருக்கும் டவர் இவ்வளவு சத்தமாகக் கேட்கிறது, தரம் இவ்வளவு, அக்கம்பக்கத்தில் சத்தமாகக் கேட்கும் ஆறு டவர்கள் இவை. என் லேப்டாப் திரையில் நாள் முழுக்க ஓடியது இந்தப் பட்டியல்தான்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். மாறலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது போன் இல்லை. போன் வெறும் ஒற்றன். பல டவர்களைக் கட்டி மேய்க்கும் கன்ட்ரோலர் எங்கோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும், முடிவு அதனுடையது. புது டவரில் ஓர் இடம் பிடித்து வைத்துவிட்டு, "இந்த அலைவரிசை, இந்தத் துண்டு, கிளம்பு" என்று பழைய டவர் வழியாகவே போனுக்கு உத்தரவு வரும். போன் ஒரே தாவு. புது டவருக்கும் தனக்கும் எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியாததால் முதலில் குட்டிக் குட்டித் துணுக்குகளாக அனுப்பும். அவை எவ்வளவு தாமதமாக வந்து சேர்கின்றன என்பதைப் பார்த்து, "நீ இத்தனை படி முன்னாடியே பேசத் தொடங்கு" என்று டவர் திருத்தும். ஒரு படி என்றால் சுமார் 550 மீட்டர். 63 படி வரை உண்டு, ஆக அதிகபட்சம் 35 கிலோமீட்டர். போன் "வந்து சேர்ந்தேன்" என்றதும் பழைய இடம் காலி. தாவிய இடத்தில் கால் ஊன்ற முடியாவிட்டால் போன் பழைய டவருக்கே திரும்பி வந்து "முடியலை" என்று சொல்லவும் வழி வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பேசுகிறவர் காதில் ஒரு 'க்' கூடப் பெரும்பாலும் விழாது.

இந்தத் தலைவலி எதற்கு, ஊருக்கு நடுவே ஒரே ஒரு பெரிய டவர் வைத்தால் போதாதா என்றால், போதாது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது, ஊருக்கே ஒரு சில பேர்தான் ஒரே நேரத்தில் பேச முடிந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தால் அதே அலைவரிசையைத் தள்ளியிருக்கும் கட்டத்தில் மறுபடி பயன்படுத்தலாம் என்று பெல் ஆய்வகத்தின் டி.எச். ரிங் 1947-லேயே எழுதி வைத்தார். கட்டம் சின்னதானால் நகர்கிறவன் கட்டம் தாண்டுவான். தாண்டும்போது பேச்சை எப்படிக் கைமாற்றுவது என்பதற்கு அதே ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை வாங்கினார். 1983-இல் சிகாகோவில் வணிகச் சேவை தொடங்கியபோது போனுக்கு இந்த ஒற்றன் வேலைகூடக் கிடையாது. டவர்களே போனின் குரலைக் காது வைத்துக் கேட்டு, யாருக்கு நன்றாகக் கேட்கிறது என்று தீர்மானித்துக்கொண்டன. போனையே கேட்கச் சொன்னது நல்ல யோசனை. நிற்கும் இடத்தில் எது நன்றாகக் கேட்கிறது என்று அங்கே நிற்கிறவனுக்குத்தானே தெரியும்.

சரி, கொடைக்கானல் கதைக்கு வருகிறேன்.

2008-இல் மலைப்பாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் லைன் போகிறது என்று புகார் மேல் புகார். வத்தலக்குண்டு, காட்ரோடு தாண்டி மலை ஏறினோம். வண்டி ஓட்டிய அண்ணன் அந்த ரோட்டில் இருபது வருடம் ஓட்டியவர். டம்டம் பாறை பக்கம் வந்ததுமே வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, இந்தா வருது பாருங்க, இந்த வளைவு திரும்புனதும் போயிரும்."

நான் திரையைப் பார்த்தேன். சிக்னல் மைனஸ் 78. பூஜ்யத்துக்குக் கிட்டே வர வர நல்லது. 78 என்றால் போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். "நல்லாத்தானே இருக்குண்ணே" என்று சொல்லி வாய் மூடவில்லை. வண்டி திரும்பியது. 78, 89, 97, 101. மூன்று நொடிதான் இருக்கும். பதிவுக் குரல் கரகரத்து நின்றது. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு லேப்டாப் கத்தியது. சிவப்புப் புள்ளி.

அந்த மௌனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லைன் போவதற்கு முன் நாம் எல்லோரும் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கத்துவோமே, அந்த நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. போனுக்குள் ஒரு எண்ணி இருக்கிறது. 20 என்று வைத்திருந்தால், டவரிலிருந்து 480 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் தகவல் துண்டைப் படிக்க முடியாமல் போகும் ஒவ்வொரு தடவையும் ஒன்று குறையும், படிக்க முடிந்தால் இரண்டு ஏறும். பூஜ்யம் ஆனால்தான் கட். 20 தடவை 480 மில்லிநொடி, கிட்டத்தட்ட பத்து நொடி. நீங்கள் ஹலோ ஹலோ என்று கத்துகிற நேரத்தை நிர்ணயித்தவன் ஏதோ ஓர் அலுவலகத்தில் அந்த எண்ணைத் தட்டச்சு செய்தவன்தான். சில ஊர்களுக்கு நானும் தட்டியிருக்கிறேன்.

வண்டியை ஓரம் கட்டிப் பதிவைத் திருப்பி ஓட்டினேன். ஒன்று உறுத்தியது. மைனஸ் 78 காட்டிய அந்த டவருக்குத் தூரப் படி 22. பன்னிரண்டு கிலோமீட்டர்! அது மலை டவரே இல்லை. டம்டம் பாறையில் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும்: ஒரு பக்கம் எலிவால் அருவி, கீழே மஞ்சளாறு அணை, அதற்கப்பால் சமவெளி விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை மறைக்க ஒன்றும் இல்லை. நாம் சமவெளியைப் பார்க்கிறோம் என்றால் சமவெளி டவரும் நம்மைப் பார்க்கிறது. கீழே ஏதோ வயல்காட்டு ஊருக்காக வைத்த டவர், மேலே மலைச்சாலையில் போகிறவனை இழுத்துப் பிடித்திருக்கிறது. வளைவு திரும்பியதும் நடுவே பாறை. அவ்வளவுதான்.

லைன் கட்டாகிச் சில நொடிகளில் போன் புதிதாக ஒரு டவரைப் பிடித்தது. மைனஸ் 65. அது மலை டவர், ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கேட்கிற டவரையெல்லாம் குறித்துக்கொள்ளும் ஸ்கேனர் கருவியின் பதிவைப் பார்த்தால், வளைவில் திரும்பத் தொடங்கும்போதே அது கேட்கத்தான் செய்தது. அப்புறம் ஏன் போன் அதைச் சொல்லவில்லை?

யாரும் சொல்லச் சொல்லவில்லை. பேச்சு நடக்கும்போது போன் கண்ட டவரையெல்லாம் கேட்காது. "இவையெல்லாம் உன் அக்கம்பக்கம், இவற்றை மட்டும் கேள்" என்று ஒவ்வொரு டவரும் ஒரு பட்டியல் கொடுக்கும். அதிகபட்சம் 32 அலைவரிசை. அந்தப் பட்டியலைக் கையால் எழுதியவர் வரைபடத்தை மேலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். சமவெளி டவருக்குச் சமவெளி டவர்களே அக்கம்பக்கம், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருப்பது எப்படி அக்கம்பக்கம் ஆகும்? காகிதத்தில் அவர் செய்தது சரிதான். எங்கள் பேச்சில் இதற்குப் பெயர் 'மிஸ்ஸிங் நெய்பர்'. நான் பார்த்த சிவப்புப் புள்ளிகளில் பாதிக்கு மேல் இந்தச் சாதிதான்.

சமவெளி ஆன்டெனாவைக் கீழ் நோக்கிச் சாய்ப்பதுதான் அசல் மருந்து. ஆனால் சாய்த்தால் அதன் எல்லையோரத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் எங்களை விடமாட்டார்கள். அதனால் பட்டியலில் சேர்ப்பது என்று முடிவானது. மாறுவதற்கு வைத்திருக்கும் விளிம்பையும் அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் குறைத்தோம், வளைவில் யோசிக்க நேரம் இல்லை என்பதால்.

விளிம்பு என்றது என்னவென்றால், பக்கத்து டவர் கொஞ்சம் சத்தமாகக் கேட்டதும் மாற்றிவிடக் கூடாது, சில டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கணக்கு. இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவனின் பேச்சு பந்தாடப்படும். மதுரையில் வடகரையில் நான் தங்கியிருந்த மாடி அறையில் இதுதான் நடந்தது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து பேசுவேன், பேச்சு தென்கரைக்கும் வடகரைக்கும் போய்ப் போய் வரும். வைகையில் தண்ணீர் ஓடாவிட்டாலும் சிக்னல் ஓடும்.

மாற்றம் ஏற்றியாயிற்று என்று தகவல் வந்ததும் மறுபடி அதே வண்டி, அதே அண்ணன். வளைவு வந்தது. திரையில் ஹேண்டோவர் கட்டளை, அதாவது டவர் மாறச் சொல்லும் உத்தரவு, அடுத்த வரியில் முடிந்தது என்ற செய்தி. குரல் பிசிறவே இல்லை. எனக்குக் கால் தரையில் இல்லை. கொடைக்கானல் வரை போய், ஏரிக்கரையில் டீ குடித்து, அறிக்கையில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். திரும்பி இறங்கத் தொடங்கியபோது லேப்டாப்பை மூடப் போனேன்.

"என்ன தம்பி மூடுறீங்க? ஏறும்போது சரி. எறங்கும்போது?"

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

"அட, போட்டுத்தான் பாருங்களேன்."

போட்டேன். இறங்கும்போது அதே வளைவு. மலை டவரைப் பாறை மறைத்தது, சமவெளி டவர் பளிச்சென்று எதிரே நின்றது, போன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பத்து நொடி மௌனம். கத்தல். சிவப்புப் புள்ளி.

அக்கம்பக்கம் என்பது ஒருவழி. அவன் பட்டியலில் இவன் இருந்தால், இவன் பட்டியலில் அவன் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுத வேண்டும். நான் கேட்டனுப்பியது ஒரு பக்கம் மட்டும். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அனுப்பிய அறிக்கையை அன்றிரவு திரும்ப வாங்க நான் பட்ட பாடு தனி.

பிறகு 3ஜி வந்தது. அதில் குரலுக்குப் பெரும்பாலும் தாவலே இல்லை. போன் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டவரோடு பேசும், புதியதைப் பிடித்த பிறகுதான் பழையதை விடும். பரிசலை விடுவதற்குள் கரையில் ஒரு காலை ஊன்றிக்கொள்வது போல. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு ஆளுக்காக இரண்டு மூன்று டவர்களின் இடத்தை அடைத்து வைப்பது ஊதாரித்தனம். 4ஜியில் அதைத் தூக்கிவிட்டு மறுபடி ஒரே தாவு என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் டவர்கள் இப்போது தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்கின்றன. பட்டியலில் இல்லாத டவர் போன் காதில் விழுந்தால், "அதன் முழு அடையாளத்தைப் படித்துச் சொல்" என்று கேட்டு, தானே அக்கம்பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறது. நான் ஐந்து வருடம் இண்டிகாவில் அலைந்து செய்த வேலையில் பாதியை இன்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவரின் போன் செய்துவிடுகிறது. 5ஜியில் 2020-இல் முடிவான விதிகளில் இன்னும் ஒரு படி: "அந்த டவர் இவ்வளவு நன்றாகக் கேட்கத் தொடங்கினால் என்னிடம் கேட்காமலே போய்க்கோ" என்று உத்தரவை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். டம்டம் பாறை வளைவுக்கென்றே எழுதியது போல இருந்தது, படித்தபோது.

வண்டி ஓட்டிய அண்ணன் இப்போது சொந்தமாக இரண்டு டிராவல்ஸ் வேன் வைத்திருக்கிறார். மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனது அவர் வேனில்தான். அக்கா போனில் யாரோடோ பேசிக்கொண்டே வந்தாள். வளைவு வந்தது, போனது, பேச்சு நிற்கவில்லை. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்னும் மேலே ஏறி, மரங்கள் அடர்ந்த ஓர் இறக்கத்தில் திரும்பியதும் அக்கா கத்தத் தொடங்கினாள். ஹலோ, ஹலோ, கேக்குதா?

"என்னடா இது, உன் டவரு?"

நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "இங்கன நெசமாவே டவர் இல்லம்மா."